கடைசி ஊசி வரைக்கும்

எனக்குப் பேச ஆள் வேண்டும் என்றுதான் அந்த நாய்க்குட்டியை வாங்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால், போயும் போயும் ஒரு நாயின்மேலா இந்தப் பொம்பளை இப்படி வயிறெரிந்தாள் என்று சிரிப்பீர்கள்.

மகள் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன வருடம் அது. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். நான் நர்சரிப் பள்ளியில் டீச்சர். மதியம்வரை வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசுவதைக் கேட்டுவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்தால் சுவர்க்கடிகாரம்தான் பேசும்.

அவருக்கு மைன்ஸில் வேலை. நிலக்கரி வரும் பெல்ட்டைப் பழுது பார்க்கும் பிரிவு. குடி கிடையாது, சீட்டு கிடையாது, நல்ல மனுஷன்தான். ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்போல. ஷிஃப்ட் முடிந்து வந்தவரிடம் "இன்னைக்கு என்னங்க நடந்தது?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்ல" என்பார். அத்தனை பெரிய பள்ளத்துக்குள் இறங்கி, அத்தனை பெரிய இயந்திரங்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற ஆளுக்கு ஒருநாள்கூட ஒன்றுமே நடக்காதா? கல்யாணமான புதிதில் இதற்காக அழுதிருக்கிறேன். பிறகு கோபப்பட்டேன். பிறகு பழகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழகவில்லை.

அவர் முத்தாண்டிக்குப்பத்துக்காரர். அவர்கள் ஊரில் நாய் என்றால் களத்தில் கிடக்கும், மிஞ்சின சோற்றைத் தின்னும், அவ்வளவுதான். நான் கூடையில் குட்டியோடு வந்து இறங்கியதும் கட்டிலைவிட்டு எழாமலே, "நாயி வூட்டுக்குள்ளயா?" என்றார். அந்த வாரத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

"ஆமா, வீட்டுக்குள்ளதான். எனக்குத் துணைக்கு," என்றேன். "துணைக்கு" என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

முதல் ஊசி போடும்போதே கால்நடை டாக்டரம்மா என்னை உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். "பார்வோன்னு ஒரு நோய் இருக்கு. குட்டிகளை ரெண்டே நாள்ல கொண்டுபோயிடும். ஒரு ஊசி போட்டாச்சு, இனிமே பயமில்லன்னு நினைச்சு ரோட்டுல விட்டுடாதீங்க. எல்லா ஊசியும் முடியணும், அதுக்கு மேல ரெண்டு வாரமும் போகணும். அதுவரைக்கும் வெளித்தரையில இறக்கவே கூடாது. நோய் வந்த நாயோட கழிவு பட்ட மண்ணுல அந்தக் கிருமி மாசக்கணக்கா உயிரோட கிடக்கும். உங்க செருப்புலயே வீட்டுக்குள்ள வரும்."

"தினமும் பினாயில் போட்டுத் துடைக்கிறேன் டாக்டர்."

"பினாயில் வாசனைக்குத்தாம்மா. பிளீச்சிங் பவுடர் கரைச்சு வைங்க."

நான் அரைகுறையாகத்தான் நம்பினேன். எதிர் குவார்ட்டர்ஸிலும் ஒரு குட்டி இருந்தது. முதல் ஊசி போட்ட மறுநாளே அதைச் சங்கிலி போட்டு மார்க்கெட் வரைக்கும் நடத்திக் கூட்டிப் போனார்கள். அதன் துள்ளலைப் பார்த்து, நம் குட்டியை மட்டும் ஏன் சிறை வைத்திருக்கிறோம் என்று எனக்கே ஆற்றாமையாக இருந்தது. பத்து நாள் போயிருக்கும். அந்தக் குட்டி சோறு தின்னாமல் சுருண்டு படுத்தது. ரத்தமாகக் கழிந்தது. மறுநாள் அந்த வீட்டுப் பெண் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுததை எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஆறுதல் சொல்லக்கூட நான் அந்த வீட்டுப் படியேறவில்லை. என் செருப்பை நினைத்தேன்.

அன்றைக்குப் போட்டேன் சட்டம். வெளியிலிருந்து யார் வந்தாலும் செருப்பு கேட்டோடு சரி. வாசலில் கொத்தனார் சட்டியில் பிளீச்சிங் தண்ணீர், அதில் காலை நனைக்க வேண்டும். குட்டியைத் தொடுகிறவர்கள் பின்பக்கமாகப் போய்க் குளித்து, உடை மாற்றிக்கொண்டுதான் தொட வேண்டும். சட்டம் போட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் சட்டம் என் குட்டியையே என்னிடமிருந்து பிடுங்கப்போகிறது என்று யார் கண்டது?

மழைக்காலம் பிடித்தது. மைன்ஸில் சகதியில் ஏணிப்படி வழுக்கி என் வீட்டுக்காரர் விழுந்தார். வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்டு, மெடிக்கல் லீவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "எப்படிங்க விழுந்தீங்க?" என்று ஆஸ்பத்திரியிலேயே கேட்டேன். "வழுக்கிடுச்சி" என்றார். உயிர் போய் உயிர் வந்திருக்கிறது எனக்கு. ஒரே சொல்!

குளியலறைக்கு நொண்டிப்போக வசதியாக அவர் கட்டிலைப் பின்னறையில் போட்டோம். இப்போது கணக்கைப் பாருங்கள். நான் பள்ளிக்குப் போகிறேன், கடைக்குப் போகிறேன், ஆகவே நான் தீட்டு. அவர் வீட்டைவிட்டு நகர்வதில்லை, ஆகவே அவர் சுத்தம். மதியம் நான் வந்து ஸ்கூட்டியை நிறுத்தும் சத்தம் கேட்டதும் குட்டி என்னிடம் ஓடிவரப் பார்க்கும். நானே, "வராத, வராத, பிடிங்க அவனை!" என்று கத்துவேன். அவர் கட்டிலிலிருந்தே ஒரு கையால் அதை அள்ளி நெஞ்சில் போட்டுக்கொள்வார். ஒரு வாரம் அது என்னைப் பார்த்து முனகியது. அடுத்த வாரம் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. அப்புறம் அதுவும் இல்லை. அவர் கக்கத்தில் முகத்தைச் செருகிக்கொண்டு தூங்கியது. காசு கொடுத்து வாங்கினவள் நான், கை வெந்துபோகிற மாதிரி பிளீச்சிங் கரைக்கிறவள் நான். சொகுசு அவருக்கு.

இதற்கிடையில் அடிபட்டவரைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவருக்குக் கால் முறிந்தால் பிளாக் முழுக்க வரும். முதல் ஷிஃப்ட் முடிந்து நேராக ஐந்தாறு பேராக, கையில் ஆப்பிளும் ரொட்டியும் சத்துமாவு பாட்டிலுமாக. வராமல் இருந்தால்தான் கேவலம். நான் கேட்டிலேயே மறித்துச் சட்டியைக் காட்டினேன்.

"என்னங்க அண்ணி, கோயிலுக்குள்ள போற மாதிரி இல்ல இருக்குது!" என்று சிரித்துக்கொண்டே நனைத்தவர்கள் உண்டு. ஒருவர் புது ஷூவை நான் சொல்லச் சொல்லக் கழற்றாமல் அப்படியே உள்ளே வைத்தார். கறுப்பு ஷூ மறுநாள் செம்பட்டையாகிவிட்டதாகச் சேதி வந்தது. ஒரு அம்மாள் மட்டும் வாசலிலேயே நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "கால் ஒடஞ்ச மனுஷனைப் பாக்க வந்தா நாயிக்குத் தீட்டாமே! கலி முத்திப்போச்சிடி!" ஆப்பிளைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். உள்ளே வந்தவர்களிடமும் இவர் என்ன பேசினார் என்கிறீர்கள்? "உம்", "பரவால்ல", "ஒண்ணுமில்ல."

என்னிடம் மட்டும்தான் பேசமாட்டார் என்றில்லை, ஊரிலே யாரிடமும் பேசமாட்டார் என்பதில் எனக்கு ஒரு அற்ப ஆறுதல் இருந்தது. அதுவும் போனது ஒரு மதியம்.

பள்ளியிலிருந்து வந்து வழக்கப்படி பின்பக்கமாகப் போய்க் குளித்துக்கொண்டிருந்தேன். சோப்பு போடும்போது தண்ணீர் நின்றுவிட்டது. டவுன்ஷிப் தண்ணீருக்கு நேரம் உண்டு. நுரையோடு நின்று திட்ட வாயெடுத்தேன். அப்போது பின்னறைச் சுவரில் காற்றுக்காக ஓட்டை ஓட்டையாக வைத்திருந்த சிமெண்டு ஜாலி வழியாக அவர் குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"டேய் குட்டி, கீழ வுழுந்தப்ப நான் என்னா நெனைச்சேன் தெரியுமா? எல்லாரும் டீ குடிக்கப் போய்ட்டானுங்க. மழை ஊத்திகினு இருக்குது. கால் எந்தப் பக்கம் திரும்பிகினு இருக்குதுன்னே தெரில. சத்தம் போட்டாலும் எவனுக்கும் கேக்காது. அப்ப நெனைச்சேன், உங்கம்மா காலைல கேஸ் சிலிண்டர் புக் பண்ணச் சொன்னாளே, பண்ணலியேன்னு. செத்துகித்துப் போய்ட்டா அவ அடுப்பு இல்லாம நிப்பாளேன்னு."

 உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது அழுகையில்லை. ஆத்திரம். ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டவளுக்கு "வழுக்கிடுச்சி." நேற்று வந்த நாய்க்கு முழுக் கதை!

அதற்குப் பிறகு தினமும் குளிக்கும்போது நானாகவே குழாயை மூடிவிட்டு நின்றேன். எங்கள் அறையில் இத்தனை வருஷம் கேட்காததெல்லாம் அந்த ஜாலி வழியாக வந்தது. மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைக்குள் போய் அழுதாராம். நான் வெளியே பெட்டியோடு நின்று, இந்த மனுஷனுக்கு நேரங்காலமே கிடையாதா என்று திட்டிக்கொண்டிருந்த அதே பஸ் ஸ்டாண்ட்! இன்னொரு நாள் பெண் பார்க்க வந்த கதை. "உங்கம்மா பச்சைப் பொடவை கட்டிகினு வந்தாடா. காபி டம்ளரை வெச்சிட்டு நிமிந்து ஒரு பார்வை பாத்தா பாரு, எனக்கு வாயே கட்டிப்போச்சி." அன்று கட்டிய வாய் நாய்க்கு மட்டும் அவிழ்ந்திருக்கிறது பார், என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பச்சைப் புடவையை அவர் கவனித்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள நான் ஈரத்தலையோடு ஒட்டுக்கேட்க வேண்டியிருந்தது.

வெளியே வந்து தலையைத் துவட்டியபடி, "என்னங்க, என்ன விசேஷம்?" என்பேன். "ஒண்ணுமில்ல" என்பார். குட்டி அவர் மடியில் மல்லாந்து படுத்து என்னைத் தலைகீழாகப் பார்க்கும். பார்வோவிலிருந்து அதைக் காப்பாற்றத்தான் ராப்பகலாக உழைத்தேன், சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த மடியிலிருந்து அதை இழுத்து வாசலில் போட்டால் என்ன என்று தோன்றியதும் நிஜம்.

கடைசி ஊசிக்கு ஒரு வாரம் இருந்தது. பள்ளியிலிருந்து வந்து கேட்டைத் திறக்கும்போதே அவர் கூப்பிட்டார், அதுவும் என் பெயரைச் சொல்லி. ஓடினேன். குளியல், உடை, சட்டம் எல்லாம் மறந்துபோனது. குட்டி கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்தது. இரண்டு இடத்தில் வாந்தி. காலையிலிருந்து தண்ணீர்கூடத் தொடவில்லை என்றார். எதிர் வீட்டுக் குட்டி சுருண்டு படுத்ததுதான் என் கண்முன் வந்தது. அவரால் எழுந்து வர முடியாது. துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். அந்தக் குட்டியை அப்படி முழுசாக என் மடியில் வைத்து எத்தனை நாளாகிவிட்டது! அதற்கு என் வாசனைகூட மறந்திருக்கும். நடுங்கிக்கொண்டே வந்தது.

டாக்டரம்மா கேட்டார், "கடைசியா எப்ப மோஷன் போச்சு? என்ன கலர்?" எனக்குத் தெரியவில்லை. அவருக்குப் போன் போட்டேன். "ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி. கெட்டியாத்தான் போனான். ரத்தம் இல்ல." "நேத்து என்ன சாப்பிட்டான்?" தெரியவில்லை. போன். "தயிர் சோறு, பாதி வெச்சிட்டான். வழக்கமா வெக்க மாட்டான்." "தூக்கம்?" போன். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்து, "சார்தான் வளர்க்கிறாரா?" என்றார். நெற்றியில் அடித்த மாதிரி இருந்தது.

குட்டியின் பின்பக்கத்தில் பஞ்சுக்குச்சியால் எடுத்து ஒரு சின்ன அட்டையில் சொட்டு விட்டார்கள். கர்ப்பம் பார்க்கும் அட்டை மாதிரியேதான். ஒரு கோடு விழுந்தால் நோய் இல்லை, இரண்டு விழுந்தால் பார்வோ. காத்திருக்கும்போது அவரிடமிருந்து போன்மேல் போன். "ஊசி போட்டாங்களா? கத்துனானா? துண்டு ஈரமா இருக்குதா? மாத்து. நீ அவன் காதுக்குப் பின்னால தடவு, அடங்குவான்." எங்கள் மகள் பிறந்தபோது பிரசவ வார்டுக்கு வெளியே நின்ற இந்த மனுஷன் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "முடிஞ்சிதா?" இப்போது கேள்வி கொட்டுகிறது. காதுக்குப் பின்னால் தடவினேன். அடங்கியது. அதற்கும் எரிந்தது எனக்கு.

ஒரு கோடுதான் விழுந்தது. நான் அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஏதோ மருந்து கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் குட்டி உலுக்கிக்கொண்டு ஒரு பெரிய உருண்டையை வாந்தியெடுத்தது. சாணி நிறத்தில் பஞ்சு. கை அகலத்துக்குப் பஞ்சு.

"இவ்வளவு பஞ்சு எங்க கிடைச்சுது இதுக்கு?" என்றார் டாக்டரம்மா. எனக்குப் பொறி தட்டியது.

வீட்டுக்கு வந்து நேராக அவர் காலைப் பார்த்தேன். மாவுக்கட்டின் மேல்விளிம்புக்கு உள்ளே வைத்திருந்த பஞ்சு, விரல் நுழைகிற ஆழத்துக்குக் காணோம்.

"பல்லு மொளைக்குது அவனுக்கு. நமநமன்னு இருக்கும் போல. கடிச்சிகினு இருந்தான், வுட்டுட்டேன்," என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

அவ்வளவுதான், நான் வெடித்துவிட்டேன். "ஊர்ப்பட்ட சனத்தைப் பகைச்சிக்கிட்டு, கை தோல் உரிய பிளீச்சிங் கரைச்சி, அவன் ரோட்டு மண்ணுல கால் வெக்காம நான் காப்பாத்தினா, நீங்க உங்க காலையே அவனுக்குத் தின்னக் குடுத்தீங்களா? பஞ்சு குடல்ல அடைச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? யாரு நாய் இது? எனக்குத் துணைக்குன்னு நான் வாங்கினது! அவனோட மட்டும் நாளெல்லாம் பேசத் தெரியுது. சிலிண்டர் கதை, பஸ் ஸ்டாண்ட் கதை, பச்சைப் புடவை கதை. கட்டினவகிட்ட ஒரு வார்த்தை வருதா? நான் என்ன, அந்த நாயைவிடக் கேவலமா போயிட்டேனா?"

சொன்ன பிறகுதான், ஒட்டுக்கேட்டதை நானே உளறிவிட்டேன் என்று உறைத்தது. அவர் கொஞ்சமும் திடுக்கிடவில்லை. குட்டியை வாங்கி மடியில் விட்டுக்கொண்டார். அதன் முதுகைப் பார்த்தபடி சொன்னார்:

"உனக்குத்தான் கேக்குதே."

"என்னது?"

"குழா சத்தம் நின்னப்புறம்தானே பேசுவேன்."

 அடுப்படிக்குப் போய்க் காரணமில்லாமல் ஒரு பாத்திரத்தைக் கழுவினேன்.

நம்பவில்லை நான். சமாளிக்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் குளிக்கும்போது குழாயை மூடினேன். "டேய் குட்டி, வேலைக்குச் சேந்த புதுசுல..." என்று ஆரம்பித்தார். பாதியில் குழாயைத் திறந்தேன். பேச்சு நின்றது. மூடினேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மறுபடி திறந்தேன். நின்றது. குழாயைப் பிடித்துக்கொண்டே குளியலறைச் சுவரில் சாய்ந்து அழுதேன். சிரித்தேன் என்றும் சொல்லலாம்.

அப்புறம் வந்தது வேறு ஒரு கவலை. எல்லோரும் காத்திருந்த கடைசி ஊசியை இப்போது நான் ஒருத்தி மட்டும் வேண்டாம் என்று நினைத்தேன். ஊசி முடிந்தால் சட்டம் முடியும். சட்டம் முடிந்தால் பள்ளியிலிருந்து வந்ததும் குளிக்க வேண்டியதில்லை. அப்புறம் அவர் யாரிடம் பேசுவார், நான் எங்கே நின்று கேட்பது? ஆனாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் கொண்டுபோய்ப் போட்டேன். எதிர் வீட்டுப் படியில் அந்தப் பெண் அழுதது என் காதைவிட்டுப் போகவில்லை.

அதற்குமேல் இரண்டு வாரமும் கழிந்தது. அவர் மாவுக்கட்டையும் பிரித்தார்கள். வேலைக்குச் சேரலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். நான் சட்டியைக் கவிழ்த்துவிட்டு, சங்கிலி மாட்டிக் குட்டியைத் தெருவில் இறக்கினேன். முன்பு வந்த புயலில் பழைய மரங்கள் சாய்ந்தபின் பிளாக்கில் புதிதாக நட்ட மரங்கள் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்துக்கொண்டு என்னோடு நடந்தது. எதிர்ப்பட்டவர்களெல்லாம், "அப்பாடா, உங்க நாய் ரிலீஸ் ஆயிடுச்சா டீச்சர்?" என்று கேலி செய்தார்கள்.

மறுநாள் மதியம் பள்ளிவிட்டு வந்து நேராகப் பின்னறைக்குள் போனேன். செருப்பை மட்டும்தான் கழற்றியிருந்தேன். குட்டி துள்ளி வந்து என் புடவையைப் பிடித்து இழுத்தது. அள்ளித் தூக்கினேன். முகமெல்லாம் நக்கியது. என் குட்டி, கடைசியில் எனக்கே எனக்கு. அவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மைன்ஸ் ஷூ, தூசி தட்டி எடுத்து வைத்திருந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"உம்."

"என்ன விசேஷம்?"

 ஷூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீ போய்க் குளியேன்," என்றார்.

"எதுக்கு? எல்லா ஊசியும்தான் முடிஞ்சிடுச்சே."

"போய்க் குளி. ஒண்ணு சொல்லணும்."

குட்டியை அவர் மடியில் விட்டுவிட்டு, கொடியிலிருந்து துண்டை உருவிக்கொண்டு போனேன். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். குழாயைத் திறந்தேன், உடனே மூடினேன். ஜாலிக்கு அந்தப் பக்கம் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"டேய் குட்டி, நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்டு. அதே ஏணில ஏறணும். எனக்குப் பயமா இருக்குதுடா."

சொட்டுத் தண்ணீர் படாமல், பள்ளிக்கூடத்துப் புடவையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கை அப்போது அந்த நாயின் தலைமேல்தான் இருந்திருக்கும். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் காந்துகிறது.